ஏழுமலையின் டேப்பும் ஒரு சிவப்பு விளக்கும்

வெள்ளிமலை ஜீப் டிரைவர் ஏழுமலைக்கு வேலை போனது அவர் கேட்ட பாட்டால் இல்லை, என்னால். டேஷ்போர்டில் அணையாமல் எரிந்த ஒரு சிவப்பு விளக்கின் காரணத்தைத் தேடப் பொறுமையில்லாமல், அதன் பல்பைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதனால் வண்டி நடுரோட்டில் நின்றபோது பழியை அவருடைய டேப்ரிகார்டர் மேல் போட்டேன். இரண்டையும் தெரிந்தே செய்தேன். அப்போது என்னிடம் ஆட்டோமொபைல் டிப்ளமோ வேறு இருந்தது.

இத்தனை வருடம் கழித்து இதை எழுதக் காரணம் என் மருமகளின் கார். போன மாதம் அதில் பேட்டரி விளக்கு எரிந்தது. ஒர்க்ஷாப்பில் ஓர் இளைஞர் ஸ்கேனரை மாட்டி எதையோ அழுத்தினார். விளக்கு அணைந்தது.

"முடிஞ்சிது சார்."

"என்ன கோளாறு?"

"எர்ரர் காட்டுச்சி. அழிச்சிட்டேன் சார்."

வீடு வந்து சேருவதற்குள் விளக்கு மறுபடியும் எரிந்தது. திரும்பப் போனபோது, நானும் ஒரு காலத்தில் மெக்கானிக் என்று தெரிந்துகொண்ட அவர், "ஸ்கேனர் இல்லாத காலத்துல நீங்கள்லாம் எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். நான் பெருமையாக ஆரம்பித்தேன். பாதியில் ஏழுமலை நினைவுக்கு வந்தார். வாயை மூடிக்கொண்டேன். சொல்லாமல் விட்டதுதான் இது.

பாலிடெக்னிக் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எனக்குப் படம் நன்றாக வரும். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டருக்குள் மின்சாரம் எங்கே பிறந்து எந்த வழியாக வெளியே வருகிறது என்று கலர் பென்சிலில் வரைந்து, தேர்வில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கினேன். அந்தப் படத்தில் ஒரு மூலையில் சின்னதாக ஒரு பல்பும் இருந்தது. அதைச் சிவப்புப் பென்சிலால் தீட்டியது நான்தான். தேர்வு முடிந்ததும் பல்பை மறந்துவிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்தது கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் சாலையில் இருந்த ஓர் ஒர்க்ஷாப்பில். முதலாளி சரோஜா அம்மா. கணவர் இறந்தபின் கடையை விற்றுவிடச் சொன்னவர்களையெல்லாம் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, கேட்டுக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர். எந்த வயர் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டார். ஆனால் எந்த வண்டியும் அவரைத் தாண்டித்தான் வெளியே போகவேண்டும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து வருவார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜன்னல் வழியாகக் குனிந்து டேஷ்போர்டைப் பார்ப்பார். பேட்டரி விளக்குக்கு அவர் வைத்த பெயர் 'செவப்புக் கண்ணு'.

"கண்ணு மூடிச்சா?" என்பார். மூடியிருந்தால் கையை ஆட்டுவார். திறந்திருந்தால், "உள்ள எடுத்துக்கினு போ." அவ்வளவுதான். மேல்முறையீடு கிடையாது. மெக்கானிக்குகள் கொடுக்கும் விளக்கத்தை அவர் ஆட்டோ சத்தத்தைப் போலக் கேட்பார்.

என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "டிப்ளமோ" என்பார். கடை முழுக்க அதே பெயர்.

அவை இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த ஆண்டுகள். மறியலுக்காகச் சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். அதில் உயிரை விட்டவர்கள் உண்டு. அதன் நியாயங்களைப் பேசுகிற தகுதி ஒரு பல்புத் திருடனுக்கு இல்லை. எங்கள் ஒர்க்ஷாப் அளவில் அது என்ன செய்தது என்று மட்டும் சொல்கிறேன்: மறுநாள் முதல் ரோடு அடைபடும் என்ற செய்தி வந்ததும், ஊரில் உள்ள எல்லா வண்டிகளும் ஒரே காலையில் எங்கள் கேட்டில் வந்து நின்றன.

அந்தக் கூட்டத்தில்தான் ஏழுமலையின் ஜீப்பும் வந்தது. ஜீப் அரிசி ஆலை ரத்தினத்துடையது. ஏழுமலை வெள்ளிமலைக்காரர். மலைக்குத் தினமும் ஆளும் மூட்டையும் ஏற்றிப் போவார், சாமையும் கடுக்காயும் ஏற்றி இறங்குவார். மகளைக் கள்ளக்குறிச்சிப் பெண்கள் பள்ளியில் படிக்கவைப்பதற்காகவே மலையை விட்டு வந்து டவுனில் வாடகை வீட்டில் இருந்தார். ஜீப்பில் அவருடைய சொந்தப் பொருள் ஒன்றே ஒன்று, ஒரு டேப்ரிகார்டர். மலைப்பாதையின் வளைவுகளை அவர் பாட்டின் தாளத்துக்குத்தான் திருப்புவார் என்று பயணிகள் சொல்வார்கள்.

"சார், இந்த வெளக்கு லேசா எரிஞ்சிக்கினே இருக்குது. ஆக்சிலேட்டர் குடுத்தா இன்னும் கொஞ்சம் செவக்குது. இன்னான்னு பாருங்க" என்றார்.

"அரை மணி நேரம்" என்றேன். பக்கத்தில் சரோஜா அம்மா இருந்ததால் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"இன்னிக்கி மணலூர்பேட்ட போவணும் சார். மொதலாளி பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். மாப்ள வூட்டுக்காரங்கள இட்டுக்கினு வரணும். நாளைக்கின்னா ரோடு இருக்காது."

பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், சரியாக இருந்தது. இன்ஜின் ஓட, பேட்டரி முனைகளில் மீட்டர் வைத்தேன். பதின்மூன்று வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல். கம்மிதான், ஆனால் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். விளக்கு ஏன் எரிகிறது என்று தெரியவில்லை. அரை மணி நேரம் போய்விட்டது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. சரோஜா அம்மா நாற்காலியிலிருந்து, "டிப்ளமோ, அந்தக் கண்ணு இன்னுமா மூடல?" என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள்.

ஒர்க்ஷாப்பில் ஒரு பழைய வித்தை உண்டு. ஆல்டர்னேட்டருக்கு முந்தைய டைனமோ வண்டிகளின் காலத்தில், சார்ஜ் ஏறியும் விளக்கு சும்மா எரிந்து தொல்லை கொடுத்தால் பல்பைப் பிடுங்கிவிடுவார்கள். டைனமோவில் அந்தப் பல்பு வெறும் சேதி சொல்கிற ஆள். அதை அனுப்பிவிட்டாலும் டைனமோ தன் வேலையைச் செய்யும். நான் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பல்பைத் திருகி எடுத்தேன். மீட்டரில் முள் அசையவில்லை. எனக்கே என் மேல் மதிப்பு வந்தது.

சரோஜா அம்மா குனிந்து பார்த்தார். "மூடிச்சி" என்றார். கை ஆடியது. ஏழுமலை, "படிச்சவங்க படிச்சவங்கதான் சார்" என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டுக்கொண்டு போனார்.

ஆனால் அந்த ஜீப்பில் இருந்தது டைனமோ இல்லை. அதைத் தூக்கிவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டிருந்தார்கள், பெல்ட்டை அழுத்திப் பார்த்த அவசரத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை. அந்த வகை ஆல்டர்னேட்டர் விழித்தெழுவதற்கு முதல் சொட்டு மின்சாரம் அந்தப் பல்பு வழியாகத்தான் போகவேண்டும். இன்ஜின் ஓடும்போது கழற்றினால் ஒன்றும் ஆகாது, அது ஏற்கெனவே விழித்திருக்கிறது. வண்டியை ஒருமுறை நிறுத்தி மறுபடி கிளப்பினால் தூங்கிக்கொண்டே சுற்றும். நல்ல வேகம் எடுத்தால் சில நேரம் தானாக விழித்துக்கொள்ளும், ஊர்ந்து போனால் விழிக்காது. அன்றைக்கு எல்லா வண்டியும் ஊர்ந்துதான் போனது. நான் கலர் பென்சிலில் வரைந்ததும் இதைத்தான்.

பிறகு நடந்ததை நான் பலர் வாயால் கேட்டேன். ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் வளர்ந்திருந்தது. ஒத்துப்போகும் பகுதியை மட்டும் தருகிறேன்.

மாப்பிள்ளையின் அம்மாவையும் உறவினர்களையும் ஏற்றிக்கொண்டு ஏழுமலை மணலூர்பேட்டையிலிருந்து கிளம்பியபோதே பொழுது சாய்ந்துவிட்டது. ஹெட்லைட் போட்டாயிற்று. ரோட்டில் கரும்பு வண்டிகளும், மறியலுக்கு முன் வீடு சேரப் பார்க்கும் பஸ்களும் நெருக்கியடித்தன. ரிஷிவந்தியம் வருவதற்கு முன்பே முதல் மரம் கிடந்தது. சொன்ன நாளுக்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா டீசல் புகைக்கு மூக்கைப் பொத்தினார். ஏழுமலை மரியாதைக்கு இன்ஜினை நிறுத்தினார்.

"யாருங்க உள்ள?" என்றார் மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த ஒருவர்.

"மாப்ள வூட்டுக்காரங்கங்க. நிச்சயதார்த்தத்துக்குப் போறாங்க."

"மொதல்லியே சொல்றதில்ல? டேய், நல்ல காரியத்துக்குப் போற வண்டிடா. கட்டைய நவுத்துங்க!"

பத்துப் பேர் சேர்ந்து மரத்தை ஒரு ஜீப் அகலத்துக்கு நகர்த்தினார்கள். ஏழுமலை சாவியைத் திருப்பினார். டக் என்று ஒரு சத்தம். அப்புறம் அதுவும் இல்லை.

"இன்னாய்யா, கட்டையையும் நாங்களே நவுத்தணும், வண்டியையும் நாங்களே நவுத்தணுமா? மறியலுக்கு வந்தமா, ஜீப்பு தள்ள வந்தமா?"

திட்டிக்கொண்டே தள்ளினார்கள். வண்டி கிளம்பியது. அடுத்த மரத்தில் நெரிசலில் இன்ஜின் அணைந்தது. அங்கிருந்தவர்களும் தள்ளினார்கள். ஹெட்லைட் பீடி முனை மாதிரி மங்கியது. மூன்றாவது மரத்தில் மாப்பிள்ளையின் அம்மா இறங்கிவிட்டார்.

"பொண்ணு வூட்டு வண்டிய ஊரே தள்ளுது. நாளைக்கி அந்தப் பொண்ண யாரு தள்ளுறது?" என்றார். ரிஷிவந்தியத்தில் இருந்த சொந்தக்காரர் வீட்டுக்கு நடந்தே போனார். அங்கிருந்து திரும்பி மணலூர்பேட்டைக்கே போய்விட்டார். கள்ளக்குறிச்சியில் ரத்தினத்தின் வீட்டில் சமைத்து வைத்த சாப்பாடு அரிசி ஆலைக் கூலியாட்களுக்குப் போனது. அன்றைக்கு மகிழ்ச்சியாகச் சாப்பிட்டவர்கள் அவர்கள்தான்.

ரோடு திறந்ததும் டிராக்டரில் கட்டி ஜீப்பை இழுத்து வந்தார்கள். பின்னாலேயே ரத்தினம் வந்தார். சரோஜா அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தார். பானெட்டைத் திறந்து ஆல்டர்னேட்டரைப் பார்த்த கணத்தில் எனக்கு என் கலர் படம் முழுதாக ஞாபகம் வந்தது. சட்டைப் பையிலிருந்து எடுத்துப் போட்ட பல்பு என் மேசை டிராயரில் இருந்தது.

"இன்னா ஆச்சி?" என்றார் ரத்தினம். "உங்க கடையில பாத்து அனுப்பின வண்டிதான?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் டேப்ரிகார்டரைப் பார்த்தேன்.

"பாட்டு ஜாஸ்தி போட்டிருக்காரு. பேட்டரிய அது இழுத்துடுச்சி" என்றேன்.

ஒரு டேப் இழுக்கிற மின்சாரத்துக்குப் பேட்டரி ஒரு ராத்திரியில் சாகாது. பாலிடெக்னிக் வாசலைத் தாண்டிய யாருக்கும் இது தெரியும். அங்கே அந்த வாசலைத் தாண்டியவன் நான் ஒருவன்தான்.

ஏழுமலைக்குக் கோபம் வரவில்லை, குழப்பம்தான் வந்தது. "வண்டி ஓடும்போதுதான் சார் பாட்டு போட்டேன். அந்த செவப்பு வெளக்கு எரியவே இல்லியே. எரிஞ்சிருந்தா வண்டிய நான் நிறுத்தியிருப்பனா? மணலூர்பேட்டையிலருந்து வூடு வரைக்கும் இன்ஜின அணைக்காமலே வந்திருப்பனே."

இந்தக் கதையில் உண்மையான மெக்கானிக் பேச்சு அது ஒன்றுதான். நான் தலையை ஆட்டி, "டேப்புதான்" என்றேன். ரத்தினம் ஜீப் சாவியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஏழுமலை ஸ்க்ரூடிரைவர் கேட்டு வாங்கி, தன் டேப்பைத் தானே கழற்றி, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போனபின் பல்பைத் திரும்பப் போட்டேன். பேட்டரியைச் சார்ஜ் ஏற்றிக் கிளப்பினேன். விளக்கு முன்போலவே மங்கலாக எரிந்தது. இந்தத் தடவை அவசரம் இல்லை. அவமானம் நல்ல நிதானத்தைக் கொடுக்கிறது. பேட்டரியில் மட்டும் மீட்டர் வைப்பதை விட்டுவிட்டு, ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் வெளிவரும் திருகிலும் மறுமுனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் வைத்தேன். இரண்டும் ஒரே கனத்த வயரின் இரண்டு நுனிகள். நடுவில் வித்தியாசமே இருக்கக்கூடாது. ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. ஆக்சிலேட்டர் கொடுத்தபோது இன்னும் ஏறியது. வயரின் நுனியை மடக்கிப் பார்த்தேன். உறைக்கு உள்ளே செம்பு பச்சை பூத்துப் பொடியாகிக் கிடந்தது. வெட்டி, பளபளக்கச் சுரண்டி, திருகில் மாட்டுகிற புது லக் ஒன்றை நுனியில் வைத்துப் பற்றவைத்தேன். விளக்கு முழுதாக அணைந்தது. ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. முதல் நாளே செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான்.

நான் எதிர்பாராதது அந்தப் பெயர். 'பாட்டு ஏழுமலை.' பாட்டுக் கேட்டு பேட்டரியைக் கொன்றவர், கல்யாணத்தைக் கெடுத்தவர். கல்யாணம் கெடவில்லை, சில வாரங்களில் வேறு நாள் குறித்தார்கள். ஆனால் ஜீப் வைத்திருந்த ஒருவரும் அவரிடம் சாவி கொடுக்கவில்லை. நான் மறைமுகமாக இரண்டு இடங்களில் சிபாரிசு செய்து பார்த்தேன். "யாரு, பாட்டா?" என்று சிரித்தார்கள். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அவர் மலைக்கே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

ஒரு திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு வெள்ளிமலை பஸ் ஏறினேன். ஏழுமலை சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் மகளும் இன்னொரு ஓரத்தில் குனிந்திருந்தாள். அன்று பள்ளிக்கூட நாள் என்பது எனக்கு உறைக்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பல்பு, டைனமோ, டிராயர், எல்லாம். அவர் களைக்கொத்தைக் கீழே வைக்கவே இல்லை. எனக்கு அது கொஞ்சம் கவலையாக இருந்தது.

"அப்ப என் டேப்பு ஒண்ணும் பண்ணல" என்றார் கடைசியில்.

"ஒண்ணும் பண்ணலண்ணே. நான் ரத்தினத்துகிட்ட வந்து சொல்றேன். சரோஜா அம்மாகிட்டயும் சொல்றேன்."

"சொல்லாத."

"ஏண்ணே?"

"நீ வாயால சொன்னீன்னா, 'டிப்ளமோவுக்கு எவ்ளோ பெரிய மனசு பாரு, ஒரு டிரைவருக்காகப் பழிய ஏத்துக்கிறான்'னு உன்னத்தான் மெச்சுவாங்க. நான் பாட்டாவேதான் இருப்பேன். என் டேப்பு மொதல்ல பேசட்டும். அப்பறம் நீ பேசு."

அதுவரை என்னை "சார்" என்றவர் அன்று முதல் டிப்ளமோ ஆக்கினார்.

அவர் போட்ட திட்டப்படி அரிசி ஆலை வாசலில் ஜீப்பை நிறுத்தினோம். ரத்தினத்தைச் சம்மதிக்கவைத்தது சரோஜா அம்மா. என்ன விஷயம் என்று நான் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை, தன் இரும்பு நாற்காலியை மட்டும் ஆள் வைத்துத் தூக்கி வரச் சொன்னார். ஏழுமலை துண்டைப் பிரித்து டேப்பை மாட்டினார். இன்ஜின் ஓடாமல், காலையிலிருந்து பாட்டு ஓடியது. அவரிடம் இருந்தவை இரண்டே கேசட்டுகள். மத்தியானத்துக்குள் ஆலையில் நெல் காயவைத்தவர்களுக்கு வரிசை மனப்பாடம். சாயங்காலம் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணே, பேட்டரி சாவல, நாங்க செத்துடுவோம். நிறுத்துண்ணே."

ஏழுமலை பாட்டை நிறுத்திவிட்டு சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே இன்ஜின் உறுமியது.

ரத்தினம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் முன்னால் போய், பல்பைப் பற்றிச் சொன்னேன். சுருக்கமாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன். தரையைப் பார்த்தே சொன்னதால் சரோஜா அம்மா, "சத்தமா பேசு, பின்னால இருக்கிறவங்களுக்குக் கேக்கல" என்றார்.

"ஒரு பல்புக்காகவா எங்க சம்பந்தியம்மா ஒரு மாசம் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு இருந்தாங்க?" என்று ரத்தினம் கத்தினார். என்னை வேலையைவிட்டு அனுப்பச் சொன்னார்.

சரோஜா அம்மா நிதானமாக எழுந்தார். "அனுப்பிட்டா வேற எடத்துல போயி பல்பு கழட்டுவான். இங்கயே இருக்கட்டும்" என்றார். பிறகு என்னிடம், "அந்தக் கண்ணு எப்ப எரியணும், எப்ப அணையணும்?" என்று கேட்டார்.

"சாவி போட்டா எரியணும். இன்ஜின் ஓடினா அணையணும்மா."

"அப்ப நான் இத்தினி வருசமா பாதியத்தான் பாத்துக்கினு இருந்திருக்கேன். ஏண்டா எனக்கு எவனும் சொல்லல?"

மறுநாள் முதல் எனக்கு ஒரு புது வேலை சேர்ந்தது. வெளியே போகிற ஒவ்வொரு வண்டியிலும் நான் சாவியைப் போட்டு, "எரியுது" என்று கேட்டுக்குக் கேட்கும்படி கத்தவேண்டும். இன்ஜின் கிளப்பி, "அணைஞ்சிடுச்சி" என்று கத்தவேண்டும். அதற்குப் பிறகுதான் கை ஆடும். ரோட்டில் போகிற பள்ளிப் பிள்ளைகள் எனக்கு முன்பே கத்துவார்கள். நான் தலைமை மெக்கானிக் ஆனபின்பும் கத்தினேன், சரோஜா அம்மா நாற்காலியில் இல்லாமல் போன பின்பும் கத்தினேன், ஓய்வு பெற்ற நாளன்றும் கத்தினேன்.

ஏழுமலைக்கு அன்றே சாவி திரும்பக் கிடைத்தது. நான் உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாக, கொஞ்சம் பெருமையாகக்கூட, ஜீப் பக்கம் போய், "எல்லாம் சரியாயிடுச்சிண்ணே" என்றேன்.

"வேல வந்துடுச்சி டிப்ளமோ. என் பொண்ணுக்குப் போன வருசம் வராது" என்றார்.

வருகை போதாமல் பரீட்சை எழுத முடியாததால், அடுத்த ஜூனில் அவள் மறுபடி அதே வகுப்பில், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள். பெயரும் போகவில்லை. காரணம் மறந்துபோய், பாட்டில் பிரியமுள்ளவர் என்பதால் வந்த பெயராக்கும் என்று ஊர் நினைக்கத் தொடங்கியது. ஒர்க்ஷாப்புக்கு வந்தால் ஜீப்பை வேறு யாரிடமாவது கொடுப்பார். என் கை அதில் பட்டதில்லை. நான் வேலை செய்கிற இடத்துக்கு நேராக நிறுத்தி, பாட்டைக் கொஞ்சம் ஜாஸ்தியாக வைப்பார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

பல வருடம் கழித்து அவர் சொந்தமாக ஒரு பழைய ஜீப் வாங்கினார். ஒரு நாள் காலையில் அதை நேராக என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"வயரிங் பூரா மாத்தணும் டிப்ளமோ. நீயே பண்ணு."

பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நான் தொட்ட ஒவ்வொரு வயரையும் பார்த்தார். முடிந்ததும் வண்டியில் ஏறி, என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். சாவியைப் போட்டார். டேஷ்போர்டில் விளக்கு சிவப்பாக எரிந்தது.

"எரியுது" என்றேன், பழக்கத்தில்.

அவர் இன்ஜினைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு அந்த விளக்கையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒரு பாட்டு போடட்டா? பேட்டரி தாங்குமா டிப்ளமோ?"

"தாங்கும்ண்ணே."

போட்டார். கேசட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஓடி முடியும்வரை அவர் வண்டியை எடுக்கவில்லை. நானும் இறங்கவில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.